ஜிரோகாஸ்தர் போகும் சித்திக்கு

அன்புள்ள சித்தி,

அல்பேனியப் பயணத்தில் ஜிரோகாஸ்தருக்கு இரண்டு நாள் ஒதுக்கியிருக்கிறீர்கள். நல்லது. சித்தப்பாவுக்கு முட்டி வலி என்பதால் முதலில் மேட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

தலைநகர் திரானாவிலிருந்து வரும் பேருந்து உங்களைக் கீழே, நெடுஞ்சாலையோரப் புதிய ஊரில் இறக்கிவிடும். பழைய கடைவீதி மலைச்சரிவில், நல்ல ஏற்றத்தில் இருக்கிறது. டாக்சி பிடித்துவிடுங்கள். அதுவும் எல்லாச் சந்துக்கும் போகாது. அறை பதியும்போதே, வண்டி நிற்கும் இடத்திலிருந்து எத்தனை படி ஏறணும் என்று கேளுங்கள். வரைபடத்தில் ஐந்து நிமிடம் என்று காட்டும், செங்குத்தைக் காட்டாது. சக்கரப் பெட்டி வேண்டவே வேண்டாம். கல் பாவிய தெருவில் சக்கரம் கழன்றுவிடும்.

அந்தக் கல் சுண்ணாம்புக்கல். காலங்காலமாக மிதிபட்டு மழமழவென்று ஆகிவிட்டது. மழை பட்டால் சோப்புதான். ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் வழுக்கும். ரப்பர் அடி வைத்த செருப்பு, சித்தப்பாவுக்கு ஒரு கைத்தடி.

2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஊருக்கு இடம் கிடைத்ததே இந்தக் கல்வீடுகளால்தான். நிமிர்ந்து கூரையைப் பாருங்கள். ஓடு இல்லை, கல் பலகை. மர உத்திரத்தின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். ஒரு பலகை நகர்ந்தால் மழை உள்ளே இறங்கி உத்திரம் உளுத்துப்போகும். அப்புறம் மேலிருக்கும் பாரமே கூரையைச் சரித்துவிடும். ஆள் இல்லாத வீடுகள் இடிவது இப்படித்தான்.

1812 வாக்கில் கட்டிய செகாதே வீடு உச்சியில் இருக்கிறது. முட்டி மறுத்தால் ஸ்கெந்துலி வீடு போதும், ஏற்றம் குறைவு. கீழ்த்தளத்தில் மழைநீர்த் தொட்டி, தடித்த சுவருக்குள் குளிர்கால அறை, மேலே காற்றோட்டமான கோடை அறை என்று பிரித்திருப்பதைக் கவனியுங்கள். அல்பேனியாவை ஆண்ட கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி என்வர் ஹோஜா பிறந்த வீடு என்று அருங்காட்சியகம் ஒன்றைக் காட்டுவார்கள். மனைதான் அவருடையது, கட்டடம் 1966-இல் எழுப்பியது. நேரமில்லாவிட்டால் விட்டுவிடலாம். கோட்டையை விடாதீர்கள். 1957-இல் அல்பேனியாவில் இறங்கிய அமெரிக்க ராணுவ விமானம் ஒன்று அங்கே துருப்பிடித்துக் கிடக்கிறது. உளவு விமானம் என்பது அன்றைய அரசின் வாதம்.

பேச்சில் ஒரு வேடிக்கை: அங்கே "போ" என்றால் ஆமாம், "யோ" என்றால் இல்லை. பெரியவர்கள் சிலர் ஆமாம் என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவார்கள். நமக்குப் பழகியதுதான்!

காசில் கவனம். அந்த நாட்டு நாணயம் லெக். 1965-இல் பத்துப் பழைய லெக்கை ஒரு புதிய லெக்காக மாற்றினார்கள். ஆனால் வாய்ப்பழக்கம் இன்னும் போகவில்லை. 200 லெக் சாமானை "2000" என்பார்கள். ஏமாற்று இல்லை. எடுத்து நீட்டுமுன் தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

சாப்பாட்டில் கிஃப்கி என்று ஒன்று உண்டு. சோறு, முட்டை, புதினா கலந்து, நம் பணியாரக்கல் போலவே குழி வைத்த சட்டியில் சுடுவது. நீங்கள் முட்டை தொடமாட்டீர்கள், சித்தப்பாவுக்கு ஒரு தட்டு சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பிள்ளை