சொற்களை எண்ணி ராப்பரை எடைபோட வேண்டாம்: தமிழ் ராப் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் ராப் கேட்டு, அதைப் பற்றி ஓயாமல் விவாதித்துவரும் ரசிகர்கள் அனைவருக்கும் வணக்கம்.

யாருடைய வரிகள் சொந்தச் சரக்கு, யார் அரைத்த மாவையே அரைக்கிறார் என்ற கேள்விகள் நம்மிடையே எழுவது நல்லதுதான். பாடகர்களின் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு போகாமல், வரிக்கு வரி கேள்வி கேட்கும் ரசிகர்கள் இருப்பதால்தான் இந்த இசை வளர்ந்திருக்கிறது. ஆனால் இந்த விவாதங்களில் ஓர் எண் வந்து குறுக்கே நிற்கிறது. ஒரு ராப்பர் தம் பாடல்களில் எத்தனை வெவ்வேறு சொற்களைப் பயன்படுத்துகிறார் என்று எண்ணி, அந்த எண் பெரிதாக இருந்தால் அவர் கவிஞர், சிறிதாக இருந்தால் சரக்கில்லாதவர் என்று தீர்ப்பு எழுதுகிறார்கள். அமெரிக்க ராப்பர்களுக்குச் செய்யப்பட்ட இந்தக் கணக்கைத் தமிழ் ராப்பர்களுக்கும் செய்து பார்க்க வேண்டும் என்று சிலர் ஆர்வமாகப் பேசுவதையும் கேட்கிறேன். இந்த அளவுகோலைக் கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறேன்.

அந்தக் கணக்கின் வரலாற்றைப் பலர் அறிந்திருப்பீர்கள். 2014ஆம் ஆண்டில் மேட் டேனியல்ஸ் என்பவர் அமெரிக்க ராப்பர்கள் 85 பேரின் வரிகளைப் பாடல் வரிகளைத் தொகுக்கும் ‘ராப் ஜீனியஸ்’ இணையதளத்திலிருந்து திரட்டி, ஒவ்வொருவரும் பாடிய முதல் 35,000 சொற்களுக்குள் ஒன்றுக்கொன்று வேறான சொற்கள் எத்தனை என்று எண்ணி ஒரு வரைபடமாக வெளியிட்டார். ஏசாப் ராக் 7,392 சொற்களோடு முதலிடத்திலும், டிஎம்எக்ஸ் 3,214 சொற்களோடு கடைசி இடத்திலும் இருந்தார்கள். ஒப்பீட்டுக்காக ஷேக்ஸ்பியரின் நாடகங்களும் ஹெர்மன் மெல்வில்லின் ‘மோபி டிக்’ நாவலும் அதே முறையில் எண்ணப்பட்டன. வூ-டாங் கிளான் குழுவைச் சேர்ந்த ஜிஸா போன்ற சிலர் அந்த இரண்டையுமே தாண்டி நின்றார்கள். ராப் என்பது வெறும் கூச்சல், அதில் மொழி எங்கே இருக்கிறது என்று கேட்டவர்களின் வாயை அந்த வரைபடம் அடைத்தது. அந்த அளவில் அது ஒரு பெரும் உதவி, அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்தக் கணக்கு எதை எண்ணுகிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். ஒரே ஆங்கிலச் சொல்லின் ஒருமையும், பன்மையும், கடைசி ஒலியை விழுங்கிவிட்ட தெருப்பேச்சு வடிவமும் அதில் தனித்தனிச் சொற்கள். ஆங்கிலத்திலேயே இப்படியென்றால் தமிழில் நிலைமை என்னவாகும்? வந்தேன், வந்தான், வந்தாங்க, வர்றேன், வருவேன், வரமாட்டேன், வந்தாலும், வரட்டும் என்று ஒரே வினை தமிழில் நூறு உருவம் எடுக்கும். எண்ணும் கணினி நிரலுக்கு அவை நூறு சொற்கள். வேற்றுமை உருபுகளும் இடைச்சொற்களும் ஒட்டிக்கொண்டு வருவதையும் சேர்த்துக்கொண்டால், சாதாரணத் தமிழ் ராப்பர் ஒருவர்கூட இந்தக் கணக்கில் ஏசாப் ராக்கை எளிதாக முந்திவிடுவார். இரண்டு தமிழ் ராப்பர்களை மட்டும் ஒப்பிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். ‘சொல்றேன்’ என்று ஒருவர் எழுதி வைத்ததை இன்னொருவர் ‘சொல்லுறேன்’ என்று எழுதுவார். ஒருவர் சேர்த்து எழுதுவதை இன்னொருவர் பிரித்து எழுதுவார். வரிகளைக் கேட்டு எழுதிப் பதிவேற்றிய ரசிகரின் பழக்கம்தான் கடைசியில் அந்த எண்ணைத் தீர்மானிக்கும்.

எழுத்து வேறுபாட்டைக்கூடத் திருத்திக்கொள்ளலாம். இதைவிடப் பெரிய சிக்கல், இந்தக் கணக்கு சோம்பேறித்தனத்துக்கு மதிப்பெண் போடுகிறது என்பது. தமிழ் ராப்பில் மிக மலிவாகக் கிடைக்கும் இயைபு வினைமுற்று இயைபு. ‘தெருவுல நடக்குறேன், தடையெல்லாம் உடைக்குறேன், எதிரிய அடக்குறேன், சரித்திரம் படைக்குறேன்’ என்று நான் இங்கே உட்கார்ந்தபடியே நாற்பது வரி எழுதிவிடலாம். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் புதிதாக ஒரு வினை வருவதால் கணக்கில் சொல்வளம் ஏறிக்கொண்டே போகும். ஆனால் அந்த ‘றேன்’ என்ற ஒலியை மொழி இலவசமாகத் தந்துவிடுகிறது. எழுதியவர் தேடி அடைந்தது ஒன்றுமில்லை, கேட்பவருக்குக் கிடைத்ததும் ஒன்றுமில்லை. தமிழ் ராப் எல்லாம் ஒரே மாதிரி கேட்கிறது என்று நம்மில் பலர் குறைபட்டுக்கொள்வதற்கு இது ஒரு முதன்மையான காரணம் என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு மாற்றாக என்ன செய்யலாம் என்பதைக் காட்ட விளக்கத்துக்காக மட்டும் இரண்டு வரி எழுதுகிறேன்: ‘ரேகை தேஞ்ச விரலு, ரேஷன் கடை வரிசை; அரிசி கேட்ட பாட்டிக்கு மெஷின் சொன்னது வேற கதை.’ இதில் ரேகையும் ரேஷனும் மோனை. முதல் வரியை முடிக்கும் ‘வரிசை’யும் அடுத்த வரியைத் தொடங்கும் ‘அரிசி’யும் எதுகை; அதனால் வரி முடிகிற இடத்தில் ஓசை நின்றுவிடாமல் அடுத்த வரிக்குள் இழுத்துச் செல்கிறது. இவ்வளவுக்கும் இதில் அரிய சொல் ஒன்றுகூட இல்லை. எரிக் பி-யுடன் சேர்ந்து 1987இல் வெளியிட்ட ஆல்பத்தில் அமெரிக்க ராப்பர் ரகிம் ஆங்கிலத்துக்குச் செய்துகாட்டியது ஏறக்குறைய இதைத்தான். அதற்கு முன்பு பெரும்பாலும் வரியின் முடிவில் மட்டும் உட்கார்ந்திருந்த இயைபை அவர் வரியின் நடுவிலும் பரப்பினார். வாக்கியத்தை வரி எல்லையில் முடிக்காமல் அடுத்த வரிக்கு ஓடவிட்டார். அவருக்குப் பின் வந்தவர்கள் எழுதும் முறையே மாறிப்போனது. வரியின் தொடக்கத்தில் எதுகையும் மோனையும், முடிவில் இயைபும் வைத்துப் பாடிப் பழகிய மொழி நம்முடையது. இந்த வசதியை எந்த ராப்பர் எப்படிப் பயன்படுத்துகிறார் என்று நாம் ஏன் விவாதிப்பதில்லை?

கடைசி இடத்தில் வைக்கப்பட்ட டிஎம்எக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1998ஆம் ஆண்டில் மட்டும் அவருடைய இரண்டு ஆல்பங்கள் வெளிவந்தன, இரண்டுமே அமெரிக்க இசை விற்பனையைத் தரவரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் முதலிடத்தில் நுழைந்தன. அவற்றில் முதல் ஆல்பத்தில் உள்ள ‘டேமியன்’ பாடலைக் கேட்டிருக்கிறீர்களா? அதில் காவல் தேவதை போல வந்து ஆசை காட்டும் சாத்தானின் குரலையும், அதற்கு மெல்ல மெல்ல இணங்கிப் போகும் மனிதனின் குரலையும் டிஎம்எக்ஸ் ஒருவரே பாடுகிறார். சொற்கள் மிக எளியவை, தெருவில் இருவர் பேசிக்கொள்ளும் அளவுக்கு எளியவை. ஆனால் குரலின் தடிப்பும் மூச்சும் மாறுகிற விதத்தில் யார் பேசுகிறார், யார் தோற்றுக்கொண்டிருக்கிறார் என்பது தெளிவாகக் கேட்கும். அவர் தம் ஆல்பங்களில் இசையே இல்லாமல் சொல்லும் பிரார்த்தனைகளிலும் சொற்கள் திரும்பத் திரும்பத்தான் வருகின்றன, பிரார்த்தனையில் அப்படித்தான் வரும். இப்படிப் பாடிய இன்னொருவரைக் காட்டுங்கள் என்றால் நம்மால் எளிதில் காட்ட முடியாது. தனித்தன்மைக்கு இதைவிட வேறு சான்று என்ன வேண்டும்?

கூட்டத்துக்காகத் தம் வரிகளை எளிமையாக்கியதாகவும் அதனால் வருமானம் இரட்டித்ததாகவும் ஜே-ஸி 2003ஆம் ஆண்டு ஆல்பத்தில் வெளிப்படையாகப் பாடியதை எடுத்துக்காட்டி, எளிமை என்றாலே விலைபோனது என்று வாதிடுபவர்கள் உண்டு. விற்பனைக்காக எளிமையாக்குவது ஒன்று, உணர்ச்சியின் நெருக்கடியால் எளிமையாவது இன்னொன்று. ஏசாப் ராக்கே இதற்குச் சான்று. அவருடைய அடர்த்தியான, முடிச்சு முடிச்சான வரிகளில் எனக்கு உள்ள மகிழ்ச்சி சிறிதல்ல. ஆனால் 2016இல் வந்த ஆல்பத்தில் தம் சகோதரர்களைப் பற்றி அவர் பாடிய பாட்டு இருக்கிறதே, அதில் சிறுவர்கள் பேஸ்பால் ஆடும் திடலுக்குள் ஒரு சிறு விலங்கு புகுந்துவிடுவதும், மினிஸ்ட்ரி இசைக்குழுவின் நிகழ்ச்சிக்குப் போக வேண்டும் என்று அண்ணன் கேட்டுத் தாய் மறுப்பதும் நேரடியான கதையாகவே வருகின்றன. சொல்வளத்தில் முதலிடம் பெற்றவரின் பாடல்களில் என்னை அதிகம் அசைத்தது அகராதி தேவைப்படாத அந்தப் பாட்டுதான்.

தாள நடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மிகோஸ் குழுவின் 2013ஆம் ஆண்டு ‘வெர்சாச்சி’ பாட்டுக்குப் பிறகு மும்மூன்றாகத் தட்டிச் செல்லும் நடை அமெரிக்க ராப்பை ஆக்கிரமித்தபோது, எல்லோரும் மிகோஸைக் காப்பியடிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. மெம்பிஸ் நகரத்தின் திரீ 6 மாஃபியாவும் கிளீவ்லாந்தின் போன் தக்ஸ்-என்-ஹார்மனியும் 1990களிலேயே அந்த நடையில் பாடியிருக்கிறார்கள். நமக்கோ அது திஸ்ர நடை, மிருதங்கம் கற்கும் பிள்ளைக்குக்கூடத் தெரிந்தது. நடை பொதுச்சொத்து, அதற்குள் என்ன வைக்கிறார் என்பதில்தான் ஒருவர் வேறுபடுகிறார். மாதிரி எடுத்துப் பாடுவதற்கும், அதாவது பழைய பாட்டின் ஒரு பகுதியை எடுத்துப் புதுப் பாட்டில் சேர்ப்பதற்கும், இதுவே பொருந்தும். மலேசியாவின் யோகி பி அண்ட் நட்சத்ரா குழு 2006இல் வெளியிட்ட ‘வல்லவன்’ ஆல்பத்தில் இளையராஜாவின் ‘மடை திறந்து’ பாட்டை எடுத்து ராப் சேர்த்தபோது அது திருட்டாக யாருக்கும் படவில்லை. மூலம் எது என்பது கேட்ட எவருக்கும் தெரிந்திருந்தது.

மூலம் மறைக்கப்படும்போதுதான் தனித்தன்மை என்ற கேள்வி நியாயத்தின் கேள்வியாக மாறுகிறது, அங்கேதான் நம் கோபம் தேவைப்படுகிறது. 1979இல் ராப்பை உலகெங்கும் கொண்டுசென்ற ‘ராப்பர்ஸ் டிலைட்’ பாட்டில் பிக் பேங்க் ஹாங்க் பாடிய வரிகள் அவருடையவை அல்ல. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியைச் சேர்ந்த ராப்பர் கிராண்ட்மாஸ்டர் காஸ் எழுதி வைத்திருந்த நோட்டிலிருந்து எடுத்தவை. காஸ் தம் பழைய மேடைப் பெயரான ‘காசனோவா ஃப்ளை’ என்பதை எழுத்துக் கூட்டிச் சொல்லும் வரியைக்கூட ஹாங்க் மாற்றாமல் அப்படியே பாடினார். இன்னொருவரின் பெயரைத் தன் பெயராகவே பாடிய அந்தப் பாட்டு உலகம் முழுவதும் விற்றது, காஸின் பெயர் அதில் இடம்பெறவே இல்லை. இதற்கு நேர்மாறாக, 1987இல் ஈஸி-ஈ பாடிய முதல் பாட்டை எழுதியவர் ஐஸ் கியூப் என்பது யாரும் மறைக்காத செய்தி; அதனால் அதில் எவருக்கும் மனக்குறை இல்லை. 2015இல் டிரேக் தம் வரிகளைத் தாமே எழுதுவதில்லை என்று மீக் மில் குற்றம் சாட்டியபோது ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்ததும், ராப்பர் என்றால் தம் சொல்லுக்குத் தாமே பொறுப்பு என்ற பழைய நம்பிக்கையால்தான்.

நம் பக்கத்திலும் இது நடந்தது. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் ‘எஞ்சாயி எஞ்சாமி’ வரிகளை எழுதிப் பாடிய ராப்பர் அறிவின் முகம் இல்லாததை இயக்குநர் பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார், பலரும் கேட்டார்கள், பிறகு அந்த இதழ் அறிவை வைத்து இன்னோர் அட்டையை இணையத்தில் வெளியிட்டது. ரசிகர்களின் குரலுக்கு இவ்வளவு வலு இருக்கிறது. அந்த வலுவைச் சொல் எண்ணிக்கைச் சண்டையில் கரைத்துவிடுகிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

தமிழ் ராப்பில் வறுமை இல்லை என்று நான் சொல்லவரவில்லை. இருக்கிறது, ஆனால் அது அகராதியின் வறுமை அல்ல. நான்தான் கெத்து, எதிரி பொறாமைப்படுகிறான், நேற்று இல்லை இன்று இருக்கிறது என்ற மூன்று பேச்சுக்குள்ளேயே எத்தனை ஆல்பங்கள் முடிந்துவிடுகின்றன! பேசுபவர் எப்போதும் ‘நான்’, கேட்பவர் எப்போதும் முகமில்லாத எதிரி. 2018 ஜனவரியில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு சென்னையில் மேடையேறியபோது கானாவும் ராப்பும் ராக்கும் கலந்த அந்த இசையில் இடஒதுக்கீடும் மாட்டுக்கறியும் பாட்டுக்குப் பொருளாயின. யார் யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்பதே மாறியதால் பழகிய சொற்களும் புதிதாகக் கேட்டன. ஒரு ராப்பரின் பாடல் வகைமையை அளக்க விரும்பினால் அவர் எத்தனை பேராக மாறிப் பேசியிருக்கிறார், யாரிடமெல்லாம் பேசியிருக்கிறார் என்று பாருங்கள்.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் இவைதான். ஒரு ராப்பரை உயர்த்தவோ தாழ்த்தவோ முற்படும்போது அவருடைய பதினாறு பார்களை (ராப்பில் ஒரு தாளச் சுற்றில் அடங்கும் வரியே ‘பார்’) முழுமையாக எழுதி முன்வையுங்கள். எதுகை எங்கே விழுகிறது, மூச்சு எங்கே எடுக்கிறார், வினைமுற்றை நம்பி எத்தனை வரிகளைத் தள்ளிவிட்டார் என்று அதிலேயே குறித்துக் காட்டுங்கள். பாடல் வரிகளைப் பதிவேற்றும் நண்பர்கள், பாடியவர் பெயரோடு நிறுத்திவிடாமல் எழுதியவர் பெயரையும் மாதிரி எடுக்கப்பட்ட பாட்டின் பெயரையும் தேடிச் சேருங்கள். எழுதியவர் பெயர் இல்லாமல் ஒரு பாட்டு வெளிவந்தால், அதை வெளியிட்ட நிறுவனத்திடம் அந்தப் பெயரைக் கேளுங்கள், பதில் வரும்வரை கேளுங்கள்.

அன்புடன்,
சக ரசிகர் ஒருவர்