யோசனைக்குப் பஞ்சமில்லை

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் வந்தது. பெரியவளுக்குக் கோவையிலேயே இடம் கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, அதை விடு.

ஊழியர்கள் எல்லோரும் ஆன்லைனில் யோசனை போடும் ஏற்பாடு உங்கள் கம்பெனிக்கு வருகிறது, நீதான் பொறுப்பு என்று எழுதியிருந்தாய். எங்களிடம் அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. பெயர் போடாமல் எழுதலாம் என்பதுதான் அதில் பெரிய லாபம். சரக்கு வண்டிகள் வாசலில் காத்துக் கிடப்பதற்கு நல்ல வழி சொன்னவர் மீட்டிங்கில் வாயே திறக்காத ஸ்டோர் கீப்பர். அதுவும் பிற்பாடு அவரே சொல்லித்தான் தெரிந்தது.

மீட்டிங்கில் ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும், அதற்குள் நினைத்தது மறந்துவிடும். நான்கு பேர் கூடிப் பேசுவதைவிட, தனித்தனியே யோசித்ததைச் சேர்த்தால் கூடுதல் யோசனை தேறும் என்று யேல் பல்கலைக்கழகத்தில் 1958-லேயே சோதித்துக் காட்டிவிட்டார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் டைப் செய்யலாம் என்றால் காத்திருப்பு ஏது?

சிக்கல், ஒவ்வொரு யோசனைக்கும் விழும் லைக் எண்ணிக்கையில் இருக்கிறது. எங்கள் ஜெனரல் மேனேஜர் (ஜி.எம்.) காலையில் ஒன்றுக்கு லைக் போட்டால் சாயங்காலம் அதுதான் முதலிடம். பெரியவர் மனம் கோணக்கூடாது என்பது மட்டும் காரணமில்லை. 2006-ல் சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் ஆன்லைனில் ஆட்களைப் பல குழுக்களாகப் பிரித்து, அதே பாட்டுகளைக் கேட்கவிட்டார்கள். முன்னால் வந்தவர்கள் எதை எத்தனை முறை டவுன்லோடு செய்தார்கள் என்று தெரிந்த குழுக்களில், மேலே வந்த பாட்டுகள் குழுவுக்குக் குழு மாறின. யார் முதலில் கை வைத்தார்கள் என்பதைப் பொறுத்துப் போய்விடுகிறது, பார். அதனால் எல்லோரும் ஓட்டுப் போட்டு முடிக்கும்வரை எண்ணிக்கையை மறைத்து வை. ஜி.எம். கடைசியில் போடட்டும்.

அதே 2006-ல் ஐபிஎம் நடத்திய இன்னோவேஷன் ஜாம் என்ற ஆன்லைன் யோசனைக் கூட்டத்தில் சுமார் 1,50,000 பேர் கலந்துகொண்டு 46,000 பதிவுகளைக் குவித்தார்கள். அப்புறம் மேலதிகாரிகள் உட்கார்ந்து படித்துத்தான் சலிக்க வேண்டியிருந்தது. கடைசியில் பத்துப் புதுத் தொழில்களுக்கு 10 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அங்கே மேலதிகாரிகளே படித்தார்கள். எங்கள் ஆபீஸில் படிக்கும் வேலை ஒரு டிரெய்னி பையன் தலையில்! ஆகவே யார் படிப்பது, எந்தத் தேதிக்குள் சரி அல்லது வேண்டாம் என்று பதில் சொல்வது, இரண்டையும் மேலே எழுத்தில் வாங்கிக்கொண்டு ஆரம்பி.

தீபாவளிக்கு ஊருக்கு வருகிறாயா? டிக்கெட் போடும்போது எனக்கும் சொல்.

அன்புடன்,
சேகர்