ஹைன்கல் 177 பற்றிய தவறான அத்தியாயம்: புகார்

வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போர் விமானங்கள் பற்றிய உங்கள் பதிப்பகத்தின் படப் புத்தகத்தைச் சென்ற மாதம் வாங்கினேன். தாளும் அச்சும் அருமை. பிரச்சினை, ஜெர்மனியின் ஹைன்கல் 177 குண்டுவீச்சு விமானம் பற்றிய அத்தியாயத்தில்தான்.

விமானிகளின் கவனக்குறைவால்தான் அது அடிக்கடி தீப்பிடித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். 1939 நவம்பர் 19 அன்று முதன்முதலாக அதை ஓட்டிய சோதனை விமானி கார்ல் ஃபிராங்கே, எஞ்சின் சூடேறிவிட்டதால் 12 நிமிடங்களில் தரையிறங்கினார். அதுவும் கவனக்குறைவா?

காற்றுத்தடையைக் குறைக்க, ஒவ்வொரு இறக்கையிலும் இரண்டு எஞ்சின்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பல்சக்கரங்களால் ஒரே புரொப்பெல்லரோடு இணைத்தார்கள். டைம்லர்-பென்ஸ் 606 என்பது இந்த ஜோடிதான். உள்பக்க சிலிண்டர்களின் புகைக்குழாய்கள் நடுவில் நெருக்கமாக அமைந்து கொதித்தன. அடியில் கசிந்து தேங்கிய எண்ணெயும் எரிபொருளும் அந்தச் சூட்டில் பற்றிக்கொண்டன. இடநெருக்கடியில் தீத்தடுப்புச் சுவர்கூட வைக்கவில்லை. இதில் விமானி என்ன செய்ய முடியும்?

இவ்வளவு பெரிய விமானம் தலைகுப்புறப் பாய்ந்தும் குண்டு போட வேண்டும் என்று விமான அமைச்சகம் அடம்பிடித்ததைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதைத் தாங்கச் சட்டகத்தைப் பலப்படுத்தியதில் எடை கூடியது. 1942-இல் ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங் அந்த நிபந்தனையைக் கைவிட்டபோது காலம் கடந்திருந்தது. குற்றவாளியைத் தேடினால் அமைச்சக மேசையில்தான் கிடைப்பார்.

அப்புறம் அந்தப் படம். நான்கு புரொப்பெல்லர்களோடு ஒரு விமானம், கீழே 1942 என்ற ஆண்டு. அப்போதைய ஹைன்கல் 177-க்கு வெளியே தெரிந்தவை இரண்டு புரொப்பெல்லர்கள் மட்டுமே. தனித்தனியாக நான்கு எஞ்சின் பொருத்திய சோதனை விமானங்கள் 1943 இறுதியில்தான் பறந்தன.

உங்கள் சேவைப் பிரிவுக்கு எழுதினேன். கிழிந்த பக்கம், அச்சுப் பிழை இருந்தால் மட்டுமே பணம் திரும்பத் தருவோம் என்று பதில் வந்தது. சரி, பக்கம் கிழியவில்லை. ஆனால் அதில் இருப்பது பொய். வரலாற்றுப் புத்தகம் என்று விற்றுவிட்டு இப்படிச் சொல்வது நியாயமில்லை.

இந்த அத்தியாயத்துக்குத் திருத்தப் பக்கம் அச்சிட்டு, எனக்கும் ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் அனுப்புங்கள். முடியாது என்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். புத்தகத்தைத் திருப்பி அனுப்பும் கூரியர் செலவையும் நீங்கள்தான் ஏற்க வேண்டும். ரசீது நகலையும் சம்பந்தப்பட்ட பக்கங்களின் படங்களையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்