ஏரிக்கரைத் திருப்பணி: ஆயக்கட்டுதாரர்களுக்குக் கமிட்டியின் நிறைவுக் கணக்கு

இந்த ஏரித் தண்ணீரில் பயிர் செய்யும் ஆயக்கட்டு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வேலை முடிந்தது. கமிட்டி பணத்தை ஏப்பம் விட்டது என்று பால் சொசைட்டி வாசலில் நடக்கும் பேச்சு மட்டும் முடியவில்லை. அதனால்தான் இந்த அறிக்கை கொஞ்சம் நீளம்.

சீமைக்கருவேலம் பிடுங்கியது, வரத்துக்கால்வாய் தூர்வாரியது, மதகுக்குப் புதுக் கதவு போட்டது மூன்றும் மதிப்பீட்டுக்குள்ளேயே முடிந்தன. அவற்றில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

சந்தேகமெல்லாம் கரை மேல்தான். எல்லா வேலைக்கும் சேர்த்து மதிப்பீடு 6,40,000 ரூபாய், செலவு 7,92,500. கூடிப்போன 1,52,500 எங்கே போனது?

2021 நவம்பரை நினைத்துப் பாருங்கள். மோர்தானா அணை நிரம்பி, கௌண்டன்யா ஆற்றில் வெள்ளம் போய்க் குடியாத்தமே தவித்த வாரம். நம் ஏரியும் நிரம்பி வழிந்து கோடி போனது. மதகுக்குப் பக்கத்தில், கரையின் வெளிப்புற அடியில் தண்ணீர் கொப்பளித்தது. தெளிந்த தண்ணீர் கசிந்தால் பெரிய பயம் இல்லை, வந்தது செந்தண்ணீர். அப்படியென்றால் கரை உள்ளிருந்து கரைகிறது. ராத்திரியோடு ராத்திரியாக மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கி, உள்ளே தண்ணீரைத் தேக்கி, அந்த எதிர் அழுத்தத்தில்தான் தப்பித்தோம். இப்போது தோண்டியபோது காரணம் தெரிந்தது. எப்போதோ வெட்டிய புளியமரத்தின் வேர் மக்கி, கை நுழையும் அளவுக்குக் குழாய் போல ஓட்டை. கரை மேல் மரம் வைக்க விடமாட்டேன் என்கிறார்கள் என்று கமிட்டியைத் திட்டியவர்கள் அந்த ஓட்டையை வந்து பார்த்திருக்கலாம்.

அந்த இடத்தைப் பிரித்து நிரப்பும் வேலையில்தான் ஒப்பந்ததாரரோடு தகராறு. டிப்பரில் வந்த மண்ணை மூன்றடி உயரத்துக்குக் கொட்டி, ஜேசிபி பக்கெட்டால் மேலே நாலு தட்டு தட்டி, 40 மீட்டர் முடிந்தது என்று பில் நீட்டினார். 23 சென்டிமீட்டர் அடுக்காகப் போட்டு, தண்ணீர் தெளித்து, ரோலர் விட வேண்டும் என்றோம். "இது என்ன மோர்தானா டேமா சார்? ஊர் ஏரிதானே!" என்றார். ஏரி என்று பேர்தான். இரண்டு குன்றுக்கு நடுவே நிற்பது மண் அணை. கீழே இருப்பது நம் வீடுகள். பொதுப்பணித்துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்ற நம் ஊர்ப் பெரியவர் ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்தினார். உருண்டை பிடிக்கவில்லை, விரல் இடுக்கில் மாவாகக் கொட்டியது. காய்ந்த மண்ணில் கட்டிய கரை முதல் தண்ணீரிலேயே அமுங்கி வெடிப்பு விடும். பதினொரு நாள் வேலை நின்றது. பிறகு முழுதும் வெட்டி எடுத்துத் திரும்ப நிரப்பினோம்: 84,000. டேங்கர் தண்ணீர்: 31,500. மதகைச் சுற்றி அடைக்கக் களிமண்: 37,000.

திரும்பச் செய்த செலவை ஒப்பந்ததாரரிடமே பிடித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒப்பந்தத்தில் "கரை நிரப்புதல்" என்று இருந்ததே தவிர, எத்தனை சென்டிமீட்டர் அடுக்கு என்று இல்லை. அதை எழுதியது நான். தப்பு என்னுடையது.

உபரித் தண்ணீர் வழியும் கலங்கலை ஓரடி உயர்த்தியிருந்தால் இன்னொரு போகம் கிடைத்திருக்கும் என்பது கடைமடைக்காரர்களின் மனக்குறை. அவர்கள் ஆதங்கம் புரிகிறது, ஆனாலும் மாட்டோம் என்றோம், இன்றைக்கும் அதே பதில்தான். கலங்கலை ஓரடி ஏற்றினால், வெள்ளத்தில் தண்ணீருக்கும் கரைத் தலைக்கும் உள்ள இடைவெளி ஓரடி குறையும். கல் அணை மேல் தண்ணீர் வழிந்தாலும் ஓரளவு தாங்கும், மண் கரை தாங்காது. 1903 நவம்பரில் வாணியம்பாடியைப் பாலாறு அடித்துப் போனபோது, மேலே மைசூர்ப் பக்கம் ஏரிகள் உடைந்த தண்ணீரும் சேர்ந்துதான் வந்தது. போதாததற்கு, ஓரடி ஏற்றினால் மேல் பக்கத்துப் பட்டா நிலம் முழுகும். கோர்ட்டுக்கு அலைய என்னிடம் தெம்பில்லை.

மீன் குத்தகைதாரருக்கும் நடவுக்காரர்களுக்கும் பேசி முடித்தாயிற்று. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீரை யாரும் மோட்டார் வைத்து இறைக்கக் கூடாது. அது மாடுகளுக்கும் மீனுக்கும், குடிநீர்க் கிணற்றின் ஊற்றுக்கும்.

நன்கொடையாளர் பெயர்களை வரிசைப்படுத்தப் போய்ப் பொங்கலன்று நடந்த சண்டை போதும், இங்கே பெயர் போடவில்லை. ஆனாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை: பட்டாளத்தில் இருக்கும் மூன்று பிள்ளைகள், ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகும் தெற்குத் தெருப் பெண்கள், லுங்கித் தறிக்காரர்கள், துபாயில் இருக்கும் டீக்கடைக்காரர் மகன், இரண்டு சுயஉதவிக் குழுக்கள், மசூதித் தெரு அரிசி மண்டி, டேங்கர் வாடகையில் பாதியை விட்டுக்கொடுத்த டிரைவர், முதியோர் பென்ஷனிலிருந்து 200 ரூபாய் கொடுத்த, வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் நீர்க்கட்டியின் தாயார்.

மொத்த வரவு 8,05,000. கையிருப்பு 12,500. ரசீதுகளும் தோண்டிய இடத்தின் போட்டோக்களும் பொருளாளர் வீட்டில் இருக்கின்றன. சாயங்காலப் பால் ஊற்றும் நேரம் தவிர எப்போது வந்தாலும் காட்டுவார். ஐப்பசி மழைக்கு முன் வெளிக்கரையில் புல் பதிக்க ஆள் வேண்டும். கூலி இல்லை, சாப்பாடு உண்டு.

இப்படிக்கு,
செயலாளர்