டப்ளினில் கேட்ட மணியோசை

ஆசிரியருக்கு,

அயர்லாந்துத் தலைநகர் டப்ளினில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். மாலை 6 மணிக்கு அந்நாட்டு அரசுத் தொலைக்காட்சியில் இன்றும், கத்தோலிக்கர் காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் சொல்லும் மூவேளைச் செபத்துக்கான மணி ஒலிக்கிறது. நான் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன். பேரன் ரிமோட்டைத் தேடினான்.

1979இல் போப் இரண்டாம் ஜான் பால் டப்ளினின் ஃபீனிக்ஸ் பூங்காவில் திருப்பலி நிறைவேற்றியபோது கூட்டம் 10 லட்சத்தைத் தாண்டியது. 2018இல் அதே பூங்காவுக்கு போப் பிரான்சிஸ் வந்தபோது அதில் கால் பங்குகூட இல்லை. அந்த ஆண்டு மட்டும் மக்கள் இரண்டு முறை வாக்களித்து, கருக்கலைப்புத் தடையையும் தெய்வ நிந்தனைக் குற்றத்தையும் அரசியல் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

இதை நாத்திகப் பிரசாரத்தின் வேலை என்று நம் பங்குக் கோயிலில் சிலர் புலம்புகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. துறவற சபைகள் நடத்திய விடுதிகளில் பிள்ளைகள் பட்ட கொடுமையை 2009இல் வெளியான விசாரணை அறிக்கை பக்கம் பக்கமாகச் சொல்கிறது. அதைப் படித்த பெற்றோர் வேறென்ன செய்வார்கள்?

ஆனாலும் தொடக்கப் பள்ளிகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது இன்னும் கத்தோலிக்கத் திருச்சபையின் பொறுப்பில்தான் இருக்கின்றன. பூசைக்கே போகாத என் மகள், பேரன் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விழாவுக்கு இப்போதே கோட்டு வாங்கி வைத்துவிட்டாள்!

- ஒரு வாசகர், பாளையங்கோட்டை