எங்களைச் சுமந்தவர்களுக்கு

கர்த்தருக்குள் பிரியமானவர்களே,

இரத்தப் புற்றுநோயோடு போராடி, கடந்த லெந்து காலத்தில் நித்திரையடைந்த என் கணவருக்காக ஜெபித்தவர்களும், ஓடியாடி உதவியவர்களும், கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டம்வரை எங்களோடு வந்தவர்களுமாகிய உங்கள் அனைவருக்கும் நானும் என் பிள்ளைகளும் எழுதும் நன்றி மடல் இது. சுகம் பெற்றவர்கள் சபையில் எழுந்து சாட்சி சொல்வது வழக்கம். உபவாசித்து மன்றாடியும் சுகம் கிடைக்காதவர்களுக்கும் சொல்லச் சாட்சி உண்டு. என் சாட்சியில் பெரும்பகுதி உங்களைப் பற்றியதே.

வேப்பேரி சபையின் வாலிபர் ஐக்கியத்துத் தம்பி தங்கைகளுக்கு முதல் நன்றி. கீமோதெரபி கொடுக்கும்போது நோயணுக்களோடு சேர்ந்து எலும்பு மஜ்ஜையில், இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் உண்டாவதும் தடைபடுகிறது. எண்ணிக்கை வெகுவாகக் குறைந்து, ஈறுகளில் இரத்தம் கசியத் தொடங்கினால் தாமதிக்காமல் ஏற்றியாக வேண்டும். 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில் ஓயாமல் அசைத்துக்கொண்டே வைத்திருந்தாலும் அது பொதுவாக 5 நாளுக்கு மேல் தாங்காது என்பதால், முன்கூட்டியே நிறையச் சேர்த்து வைக்கவும் வழியில்லை. ஒவ்வொரு முறையும் ஆள் தேட வேண்டும். நாங்கள் தேடவேண்டிய நிலையே வராதபடி நீங்கள் பார்த்துக்கொண்டீர்கள். வேலை முடிந்த களைப்போடு மின்சார ரயிலில் நின்றபடி வந்து, இயந்திரம் இரத்தத்தை இழுத்துப் பிளேட்லெட்டை மட்டும் பிரித்துக்கொண்டு மீதியை உடலுக்கே திருப்பும்வரை, உதடு மரத்துப்போவதையும் பொறுத்துக்கொண்டு அசையாமல் படுத்திருந்தீர்கள். வெளிர்மஞ்சளாக அந்தப் பை அவர் தலைமாட்டில் தொங்கும்போதெல்லாம், இன்று யார் கொடுத்தார்கள் என்று அவர் கேட்பார். பெயரைச் சொன்னதும் கண்ணை மூடி உங்களுக்காக ஜெபிப்பார்.

அடையாறு புற்றுநோய் நிலையத்தின் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நன்றி. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-இல் தொடங்கப்பட்ட நிலையம் அது. ஒரு குடும்பத்தின் கண்ணீர் இத்தனை குடும்பங்களுக்கு நிழலாகியிருப்பதை அங்கே காத்திருந்த நாள்களில் பலமுறை நினைத்துக்கொண்டேன்.

வெளியுணவு எதுவும் கூடாது என்று மருத்துவர் சொன்ன நாள்முதல், அப்போதைக்கப்போது சமைத்த கஞ்சியைச் சூடு ஆறாமல் கொடுத்தனுப்பிய மேல்மாடி பாய் வீட்டு அக்காவுக்கும், நேரம் காலம் பாராமல் வந்து நின்ற ஆட்டோ அண்ணனுக்கும் கர்த்தர் பலன் அளிப்பாராக.

ஆயர் ஐயாவுக்கும் ஆயரம்மாவுக்கும் நான் பட்டிருக்கும் கடன் வேறு வகையானது. மருத்துவர்கள் இனிச் செய்வதற்கு அதிகமில்லை என்று சொன்ன பிறகு என்னால் ஜெபிக்க முடியவில்லை. வேதத்தைத் திறந்தால் எழுத்து தெரியும், மனத்துக்குள் ஒன்றும் இறங்காது. விசுவாசம் போதவில்லை என்று சொல்லிச் சென்றவர்களும் உண்டு. ஆயரம்மா அப்படி எதுவும் சொல்லாமல், வார்டு வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். யோபுவின் நண்பர்கள் பேசிய பேச்சுக்காகப் பிற்பாடு கண்டிக்கப்பட்டார்கள். ஆனால் வந்த புதிதில் 7 நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்களே, அது அவர்கள் செய்த மெய்யான ஊழியம் என்றே நான் எண்ணுகிறேன். நடக்க முடியாத திமிர்வாதக்காரனை நான்குபேர் சுமந்து வந்தபோது, இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" பேசினார் என்று மாற்கு எழுதுகிறார். எனக்கென்று விசுவாசம் மிஞ்சியிராத நாள்களில் உங்களுடையதே என்னைத் தூக்கிச் சென்றது.

வாயெல்லாம் புண்ணாகி அவரால் எதையும் விழுங்க முடியாதிருந்தபோது, ஆயர் ஐயா திருவிருந்தின் அப்பத்தை நகக்கண் அளவுக்குக் கிள்ளி, திராட்சரசத்தில் தோய்த்து அவர் நாவில் வைத்தார். அது உள்ளே இறங்க வெகுநேரம் ஆயிற்று, ஐயா அவசரப்படவேயில்லை. அதன்பின் என் கணவர் தமக்குச் சுகம் கேட்பதை நிறுத்திவிட்டு, பக்கத்துப் படுக்கையில் இருந்த கல்லூரி மாணவனுக்காக மன்றாடத் தொடங்கினார். பவுல் தம் மாம்சத்தில் முள்ளாக வருத்திய உபாதை நீங்கும்படி மூன்றுதரம் வேண்டியும் அது நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்பதே அவருக்குக் கிடைத்த பதில். சிறு வயதுமுதல் மனப்பாடமாகச் சொல்லிவந்த வசனம் அது. ஒருவரிடம் அது மெய்யாகிக் கொண்டிருந்ததை அருகிலிருந்து பார்த்தேன். துன்பம் நல்லது என்று நான் எழுதமாட்டேன். பிள்ளைகள் அப்பாவைத் தேடுகிறார்கள், நானும் தேடுகிறேன். அந்தத் துன்பத்துக்குள்ளும் கர்த்தர் எங்களைக் கைவிடவில்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

சிகிச்சைக்காக நீங்கள் சேர்த்துக் கொடுத்த பணத்தில் மீதியிருந்ததை, ஆயர் ஐயாவின் வழியாக அந்த மாணவனின் பெற்றோரிடம் ஒப்படைத்துவிட்டோம். கொடையாளர்களின் இரத்தப் பிரிவுகளைத் தம்பிகள் குறித்துவைத்திருந்த நோட்டு சபை அலுவலகத்தில் இருக்கிறது. எந்த மதத்தவர் கேட்டாலும் உதவும்படி கேட்டுக்கொண்டிருக்கிறேன். 18 வயது நிறைந்த, 50 கிலோவுக்குக் குறையாத எடையுள்ள, ஆரோக்கியமானவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அதில் தங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் சகோதரியும் பிள்ளைகளும்
வேப்பேரி, சென்னை