நெல்லிக்குப்பம் ரோட்டில் தம்பியை ஏற்றி வந்தவருக்கும், மற்ற எல்லோருக்கும்

கடலூர் மக்களுக்கு எங்கள் சதுரங்க மன்றத்தின் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை லீக் ஆட்டத்தில் புதுச்சேரி அணியோடு 2-2 என்று டிரா செய்தோம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது வெறும் டிராவாகத் தெரியலாம். மூன்று வருடமாக அவர்களிடம் தோற்றே வந்த எங்களுக்கு அப்படி இல்லை. அன்று போர்டில் உட்கார்ந்தது நாலு பேர்தான். ஆனால் அந்த நாலு பேரையும் உட்கார வைத்தவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

முதலில் மஞ்சக்குப்பம் டியூஷன் டீச்சருக்கு. பேசிவைத்திருந்த மண்டபம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் இல்லை என்று ஆகிவிட்டது. இரவு எட்டு மணிக்கு உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினோம். நீங்கள் ஒரு கேள்வியும் கேட்காமல் மாடிச் சாவியை எடுத்துக் கொடுத்தீர்கள். மறுநாள் வந்து பார்த்தால் தரை கழுவி, பெஞ்சுகளை ஓரமாக நகர்த்தி வைத்திருந்தீர்கள். வாடகை என்று பேச்செடுத்ததற்குக் கோபித்துக்கொண்டீர்கள். அந்தக் கோபத்துக்கும் நன்றி.

ஞாயிறு காலையிலிருந்தே விடாத மழை. பத்து மணிக்கு நடுவர் கடிகாரங்களை ஓடவிட்டபோது எங்கள் நாலாவது போர்டு தம்பி வந்து சேரவில்லை. பண்ருட்டியிலிருந்து அவன் ஏறிய பஸ் நெல்லிக்குப்பம் தாண்டிப் பழுதாகி நின்றுவிட்டது. எங்கள் லீக் விதிப்படி அரை மணி நேரத்துக்குள் வராவிட்டால் ஆடாமலே தோல்வி. பத்து இருபத்தேழுக்குச் சொட்டச் சொட்ட நனைந்தபடி மாடி ஏறி வந்தான். யாரோ ஒரு அண்ணன், சர்க்கரை ஆலையில் ஷிப்ட் முடித்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவராம், "எங்கப்பா போகணும், ஏறு" என்று பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கிவிட்டாராம். பெயர் கேட்பதற்குள் வண்டியைத் திருப்பிவிட்டார்.

புதுச்சேரி அணியினருக்கும் சொல்ல வேண்டும். அவன் தலை துவட்ட முதலில் துண்டு நீட்டியது அவனுடைய எதிராளிதான்.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். இரண்டாவது போர்டில் சீக்கிரமே தோற்றோம். முதல் போர்டில் எங்கள் ஆசிரியர் ஒரே நிலை மூன்று தடவை வந்ததைக் காட்டி டிரா வாங்கினார். மூன்றாவது போர்டில் பதினோராம் வகுப்புப் பெண். 2022-இல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோதுதான் முதன்முதலாகக் காயைத் தொட்டவள். எதிராளி டிரா கேட்டார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கேப்டன் என்ற முறையில் நான் டிராவுக்குச் சரி, வேண்டாம் என்று மட்டும் சொல்லலாம், நிலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. "ஆடும்மா" என்றேன். சொன்ன பிறகு எனக்குக் கை நடுங்கியது. அவள் நடுங்கவில்லை. ஒரு சிப்பாயை ராணியாக்கியே எழுந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மழை இருட்டில் காய் எதுவும் தெரியவில்லை. நடுவர் கடிகாரத்தை நிறுத்தினார். செல்போன் எல்லாம் அணைத்து அவர் பையில் இருந்ததால் டார்ச் அடிக்கவும் வழியில்லை. கீழே டீக்கடை அண்ணன் கல்லாவை அப்படியே விட்டுவிட்டுத் தன் எமர்ஜென்சி விளக்கைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தார். கரண்ட் வரும்வரை கடை இருட்டில்தான் கிடந்தது. அண்ணே, அந்த வெளிச்சத்தில்தான் எங்கள் கடைசி அரைப் புள்ளி வந்தது.

ஏனென்றால் மிச்சமிருந்தது தம்பியின் ஆட்டம் மட்டும். யானைக்கு யானை, எதிராளிக்கு ஒரு சிப்பாய் கூடுதல். தொண்ணூறு நிமிடத்தில் இருபத்தேழை மழையிலேயே இழந்தவன், முடிவில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடுகிற முப்பது நொடியை வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தான். கறுப்புக் காயோடு ஆடியவன் யானையை, வெள்ளைப் பக்கத்திலிருந்து எண்ணினால் ஆறாவது வரிசையில் நிறுத்திவிட்டு அசையவில்லை. வெள்ளை ராஜாவால் அந்தக் கோட்டைத் தாண்ட முடியவில்லை. வேறு வழியில்லாமல் சிப்பாய் ஆறாவது வரிசைக்கு வந்ததும், யானையை நேராக முதல் வரிசைக்கு இறக்கிப் பின்னாலிருந்து செக் மேல் செக். இனி வெள்ளை ராஜாவுக்கு அந்தச் செக்குகளிலிருந்து ஒதுங்க இடமில்லை. எதிராளி சிரித்துக்கொண்டே டிராவுக்குக் கையை நீட்டினார்.

பிலிடோர் என்ற பிரெஞ்சுக்காரர் 18-ஆம் நூற்றாண்டில் காட்டிய தற்காப்பு இது. ஆனால் தம்பிக்கு இது தேவனாம்பட்டினம் கடற்கரைப் பாடம். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எங்கள் ஐயா, சனிக்கிழமை சாயங்காலங்களில் துணி போர்டை மணலில் விரித்து, நாலு மூலைக்கும் கிளிஞ்சல் வைத்து, இந்த ஒரே நிலையை வாரக்கணக்கில் ஆட வைத்தார். பிள்ளைகளுக்கு அலுத்துப்போகும். குகேஷ் 2024 டிசம்பரில் உலக சாம்பியன் ஆன பிறகு சேர்ந்தவர்கள் எல்லோருக்கும் ஓப்பனிங்தான், அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்கள்தான் வேண்டும். "முதல்ல தோக்காம இருக்கக் கத்துக்கோ" என்பார் ஐயா. முட்டி வலியால் அன்று அவரால் வர முடியவில்லை. போனில் சொன்னபோது கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "யானை ஆறாவது வரிசையிலேயே இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். இருந்தது ஐயா.

மூன்றரை மணி நேரம் ஒரு முறையும் குரல் உயர்த்தாமல் நடத்திய நடுவருக்கும், எலுமிச்சைச் சாதம் கட்டி அனுப்பிய அம்மாக்களுக்கும் எங்கள் நன்றி.

நெல்லிக்குப்பம் ரோட்டில் தம்பியை ஏற்றி வந்த அண்ணனைத்தான் இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை. இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது அவரைத் தெரிந்திருந்தால் சொல்லிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு டீச்சர் வீட்டு மாடியில் இருப்போம். தம்பி ஆட்டம் எழுதிய தாளை அவருக்குக் கொடுக்கவேண்டும் என்று மடித்து வைத்திருக்கிறான்.

நன்றியுடன்,
மன்றத்தின் செயலாளர்,
மஞ்சக்குப்பம், கடலூர்